அறுபத்தொன்றாம் நம்பர் டோக்கன்

குடியிருப்போர் சங்கத்தின் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. "தோட்டப் பராமரிப்பு ஊழியர் யாருக்கும் தகவல் தெரிவிக்காமல் நீர்வழிக்குள் இறங்கியதால் விபத்து நேர்ந்தது." அதன் கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சங்கத்தின் செகரட்டரி, செக்யூரிட்டி மேற்பார்வையாளர், நான். மூன்றில் என் கையெழுத்துதான் தெளிவாக இருக்கிறது.

செத்தவன் என் மச்சான். என் மனைவியின் ஒரே தம்பி. எங்கள் தொழிலில் ஒருவனைப் பற்றி அதைவிடக் கேவலமாக ஒரு வரி எழுத முடியாது. குடிகாரன் என்று எழுதியிருந்தால் சிரித்திருப்பான். பாதி உண்மை என்றுகூடச் சொல்லியிருப்பான். சொல்லாமல் இறங்கினான் என்பதை மட்டும் அவன் பொறுத்திருக்கமாட்டான். அவன் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். எப்படிச் சொன்னான், யாரிடம் சொன்னான் என்று விளங்க வேண்டுமென்றால் மில்லிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது நானூறு குடும்பங்கள் இருக்கும் இந்த இடம் அப்போது துணி மில். ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை. அதன் ஓரத்தில் மதகு. மதகிலிருந்து ஒரு கால்வாய் மில்லுக்குள் வந்து, சாயக்கூடத்தின் அடியில் புகுந்து, அந்தப் பக்கம் சலவைக்கூடத்தில் வெளியே வரும். சாயக்கூடத்துக்கு அடியில் போகும் அறுபதடிச் சுரங்கத்துக்குத் தொண்டை என்று பெயர். குனிந்து நடக்கலாம். நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். தொண்டையின் கடைசியில் குப்பையை மறிக்க ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு. இலை, கிளை, சாக்கு, செத்த நாய் என்று ஆற்றோடு வருவதெல்லாம் அதில் வந்து அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு இரண்டு முறை மதகை மூடிவிட்டு, ஒருவன் உள்ளே போய் அதையெல்லாம் வாரிக்கொண்டு வர வேண்டும். போன வழியேதான் திரும்ப வேண்டும். வேறு வழி கிடையாது.

உள்ளே போவது என் மச்சானின் வேலை. மதகின் சக்கரத்தைச் சுற்றி மூடுவதும் திறப்பதும் என் வேலை. மில்லில் அவனை முக்குளி என்றார்கள், என்னைச் சக்கரம் என்றார்கள். எங்கள் அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இப்படி இருபத்திரண்டு வருடம்.

மில்லில் எல்லோருக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு, நம்பர் வெட்டியது. முக்குளியுடையது அறுபத்தொன்று. சக்கரத்துக்குப் பக்கத்துச் சுவரில், என் கண் உயரத்தில், சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு கொக்கி. உள்ளே இறங்குகிறவன் தன் டோக்கனை அதில் மாட்டிவிட்டு இறங்குவான். வெளியே வந்தவுடன் அவனே எடுத்துக்கொள்வான். கொக்கியில் டோக்கன் தொங்கும்வரை சக்கரத்தை யாரும் தொடக்கூடாது. மானேஜர் சொன்னாலும் கூடாது, மில்லே தீப்பிடித்தாலும் கூடாது. மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். அப்பன் மாட்டியதை மகன் எடுக்கக்கூடாது.

இதை எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதற்கு ஒரு கதை உண்டு. முக்குளிக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாள் குள்ள ஃபிட்டர் உள்ளே இறங்கினான். வேலையை முடித்து வெளியே வந்தவன் டோக்கனை எடுக்க மறந்து, பெர்மிஷன் போட்டுவிட்டு ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். சாயக்கூடத்தில் தண்ணீர் இல்லை. மானேஜர் ஓடிவந்தார்.

"ஏன்யா இன்னும் திறக்கல?"

"டோக்கன் தொங்குது சார்."

"அவன் வெளிய போனத நானே பார்த்தேன்யா."

"நானுந்தான் சார் பாத்தேன். டோக்கன் தொங்குது."

அவர் என்னைக் கழுதை என்றார், அதற்கும் கீழே இரண்டு மூன்று சொன்னார். நான் சக்கரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் அவருடைய காரையே கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினார்கள். குள்ள ஃபிட்டர் புதுச் சட்டையோடு, கையில் பாதி கடித்த இனிப்போடு வந்து இறங்கினான். முந்நூறு பேர் பார்க்க டோக்கனை எடுத்து, மானேஜருக்கு ஒரு சலாம் வைத்தான். மூன்று மணி நேரம் மில் நின்றது. மறுநாள் நோட்டீஸ் போர்டில் மானேஜர் கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டியிருந்தது. எனக்கு மெமோ என்று நினைத்துக்கொண்டு போனேன். "கொக்கியில் டோக்கன் இருக்கும்போது சக்கரத்தைத் தொடுபவர் வேலைநீக்கம் செய்யப்படுவார்" என்று எழுதியிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அந்தச் சக்கரத்தின் பல்லில் ஒன்றுக்கு மட்டும் நாங்கள் கிரீஸ் வைக்கமாட்டோம். ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒரு முறை கிறீச்சென்று கத்தும். முழுக்கத் திறக்க நாற்பத்துநாலு சுற்று. தப்பித் தவறி யாராவது தொட்டுவிட்டாலும், உள்ளே இருப்பவனுக்கு முதல் கத்தலிலேயே காதில் விழும். தண்ணீர் முழங்காலுக்கு ஏறுவதற்குள் வெளியே வந்துவிடலாம்.

மில் நல்ல மில் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அன்று என்ன சாயம் ஓடுகிறதோ அந்த நிறத்தில் ஆறு ஓடியது. மடிப்புப் பிரிவில் பதினேழு வருடம் வேலை பார்த்த என் மனைவி இன்றைக்கும் காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் இருமுகிறாள். சாயக்கூடத்து ஆட்களில் அறுபது வயதைப் பார்த்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இப்போது ஆறு தெளிவாக ஓடுகிறது, மீன் தெரிகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

மில் மூடி பதினொரு வருடம் பாழாகக் கிடந்தது. பிறகு வீடு கட்டும் கம்பெனி வந்தது. இடிப்பார்கள் என்று நினைத்தோம். இடிக்கவில்லை. பழைய செங்கல் சுவர் அழகாக இருக்கிறதாம். சாயக்கூடத்துக்குள் தளம் போட்டு வீடுகளாகப் பிரித்து பி பிளாக் என்றார்கள். பாய்லர் அறையில் உடற்பயிற்சிக் கூடம். நாங்கள் மூச்சு முட்டி நின்ற இடத்தில் ஆட்கள் விரும்பி வந்து மூச்சு வாங்குகிறார்கள். புகைபோக்கிக்கு விளக்குச் சரம். கால்வாயை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு கரையிலும் புல் பதித்து, ஒரு சின்ன மரப்பாலம் போட்டு, கடைசியில் ஒரு நீரூற்று வைத்தார்கள். மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் விட வேண்டும், எட்டு மணிக்கு நிறுத்த வேண்டும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய லைன் வீடுகளில் நாங்கள் பதினாறு குடும்பம் மிச்சம். எங்களில் சிலருக்கு உள்ளே வேலை கொடுத்தார்கள். முக்குளிக்குத் தோட்டமும் கால்வாயும். எனக்கு மதகு. மதகு என்றால் சக்கரம் இல்லை. சக்கரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, சுற்ற முடியாதபடி சிமென்ட் போட்டு அழகுக்கு நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒரு சின்ன கேபின், அதில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். பச்சையை அழுத்தினால் பன்னிரண்டு நொடியில் மதகு முழுக்கத் திறந்துவிடும். மோட்டாரைப் பொருத்த வந்தவன் அதைத்தான் பெருமையாகச் சொன்னான்: "ஒரு சத்தமும் வராது சார். பக்கத்துல குழந்தை தூங்கலாம்."

கேபின் ஜன்னல் வழியே பார்த்தால் எட்டடி தூரத்தில் சக்கரமும் சுவரும் கொக்கியும் தெரியும்.

அந்தக் கொக்கியை அலங்காரம் செய்ய வந்த அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பழைய டைம் ஆபீஸ் குப்பையிலிருந்து நாற்பது டோக்கன்களைப் பொறுக்கி, வார்னிஷ் அடித்து, ஒரு தடிமனான கயிற்றில் கோத்துக் கொத்தாகத் தொங்கவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெயில் படும்போது மின்னும். காற்றடித்தால் கிணுகிணுக்கும். குடிவந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

முதன்முதலாகத் தண்ணீர் விட்ட அன்று எல்லோரும் கால்வாயோரம் கூடியிருந்தார்கள். செகரட்டரி கேபின் வாசலுக்கு வந்தார். ரிட்டயர்டு காலேஜ் வாத்தியார். எப்போதும் விளையாட்டுக்காரர்போல ஷூ போட்டிருப்பார். நல்ல மனிதர், மறதிக்காரர்.

"பெரியவரே, தண்ணி விடுங்க."

"டோக்கன் தொங்குது சார்."

"அது டெக்கரேஷன்."

"தெரியுது சார். கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா போட்டுடறேன்."

நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, அவரே கையை நீட்டிப் பச்சையை அழுத்தினார். தண்ணீர் வந்தது. வெளியே கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா? யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றார்.

மனைவிக்கு முன்னால் பிறந்தவனானாலும் பின்னால் பிறந்தவனானாலும், மச்சான் என்று ஒருவன் இருந்தால் மானம் மிஞ்சாது. அன்று சாப்பிட வந்தவன் தட்டில் கை வைப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்து அறையில் படுக்கை, எங்கள் வீட்டில் சாப்பாடு.

"என்ன மாமா, நாப்பது பேரு உள்ள இருக்கறப்ப தண்ணிய விட்டுட்டீங்களாமே. எத்தனை பொணம் வந்துச்சு?"

"வாய மூடிட்டுச் சாப்பிடுடா."

"அக்கா, ஒன் வீட்டுக்காரர் நிலைமையப் பாரு. இருபத்திரண்டு வருஷம் சக்கரம்னு பேரு. இப்ப பொத்தான்னு கூப்பிடணும்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "அதுல உசுரோட இருக்கறது எது, செத்தது எதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன்.

"அதெல்லாம் செத்த டோக்கன் மாமா. குள்ள ஃபிட்டரோடதுகூட அதுல இருக்கு, பாத்தேன். பாவம், கல்யாண வீட்டுலேருந்து இன்னும் வரல." பிறகு சட்டைக்குள்ளிருந்து தன்னுடையதை வெளியே இழுத்தான். மில் மூடியபோது எல்லோரும் திருப்பிக் கொடுத்தோம், அவன் மட்டும் கொடுக்கவில்லை. செப்புக் கம்பியில் வளையம் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். "என்னோடது கயித்துல இல்ல, கம்பில இருக்கு. வார்னிஷ் கிடையாது. இத்தனை வருஷம் பாத்தத மறந்துடுவீங்களா?"

"மறக்கமாட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் தொண்டைக்குள் இறங்கும்போதெல்லாம் கேபினுக்கு வந்து வாயால் சொல்லிவிட்டு, டோக்கனையும் மாட்டிவிட்டுப் போவான். மாட்டாமல் இருக்க அவனுக்குக் கை வராது. வெளியே வந்ததும் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஜன்னலில் தலையை நீட்டி, "உசுரோடதான் இருக்கேன், அக்காகிட்ட சொல்லிடுங்க" என்பான்.

அவன் வாயால் சொல்லிவிடுவதால் என் கண் சோம்பேறியாகிவிட்டது. அதுதான் நடந்தது. முதல் மாதம் பொத்தானை அழுத்தும் முன் வெளியே போய் ஒவ்வொரு டோக்கனாகத் திருப்பி நம்பர் பார்த்தேன். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "என்ன பெரியவரே, ஹாஜர் எடுக்கறீங்களா?" என்று கேட்டான். பிறகு ஜன்னலோரம் நின்று பார்த்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் தலையைத் திருப்பிவிட்டு அழுத்தினேன். தலையைத் திருப்புவதை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. இரண்டு வருடம் தினமும் கொக்கியைப் பார்த்தேன், தினமும் டோக்கன் தொங்கியது, தினமும் அழுத்தினேன். இருபத்திரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டதை அழிக்க இரண்டு வருடம் போதும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அன்று சனிக்கிழமை. முந்தின நாள் பெய்த மழையில் ஆற்றில் குப்பை அதிகம். மத்தியானம் இரண்டரை மணிக்குச் செகரட்டரி தோட்டத்தில் முக்குளியைப் பார்த்து, கால்வாய் நாறுகிறது என்று பி பிளாக்கில் புகார் சொல்கிறார்கள், சாயங்காலத்துக்குள் அடைப்பை எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். ஐந்து மணிக்குத்தான் தண்ணீர். அரைமணி நேரம் போதும் என்று அவன் கணக்குப் போட்டிருப்பான். நேராகக் கேபினுக்கு வந்திருக்கிறான். கேபின் பூட்டியிருந்தது.

நான் வீட்டில் இருந்தேன். மனைவிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சாப்பிட்டுவிட்டு உடனே திரும்பியிருக்க வேண்டியவன், மருந்துக் கடை திறக்கும்வரை காத்திருந்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். போனைக் கேபினுக்குள் சார்ஜில் போட்டிருந்தேன். அவன் எனக்குப் போன் செய்திருக்கிறான். பூட்டிய கதவுக்குப் பின்னால் அது அடித்தது அவனுக்கே கேட்டிருக்கும். என்னை ஏதாவது திட்டியிருப்பான். பிறகு சட்டையைக் கழற்றி மடித்துச் சக்கரத்தின் அடியில் வைத்துவிட்டு, டோக்கனைக் கொக்கியில் மாட்டியிருக்கிறான். வேறென்ன செய்ய வேண்டும்? மாமா வந்தால் பார்ப்பார்.

நான் மூன்றேகால் மணிக்கு வந்து கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. செகரட்டரி.

"பெரியவரே, அஞ்சு மணி வேண்டாம், இப்பவே தண்ணிய விட்டுடுங்க. புது பிளாக் பாக்க ஆளுங்க வந்திருக்காங்க. தண்ணி ஓடினாத்தான் பாக்கறதுக்கு ஒரு இதுவா இருக்கும்."

"சரி சார்."

முக்குளியிடம் சொன்னது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. எனக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினேன். கொக்கியில் டோக்கன்கள் தொங்கின. காற்றில் லேசாக ஆடின. பச்சையை அழுத்தினேன்.

மோட்டார் கத்தவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போன். "என்ன பெரியவரே, தண்ணி சரியா வரலயே. சாண் உயரத்துக்கு வந்து நின்னுடுச்சு."

"அடைப்பா இருக்கும் சார். மச்சானக் கூப்பிடறேன்."

அவன் நம்பரைத் தேட போனைப் பார்த்தபோதுதான் அவனிடமிருந்து வந்திருந்த அழைப்பு தெரிந்தது. இரண்டு ஐம்பது. அழுத்தினேன். மணி வெளியே அடித்தது. சக்கரத்துக்கு அடியிலிருந்து அடித்தது. போய்ப் பார்த்தேன். மடித்த சட்டை, அதன் மேல் போன், பக்கத்தில் ஜோடியாக விட்ட செருப்பு. திரையில் "மாமா" என்று வந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தேன். அது ஒளிந்திருக்கவில்லை. கயிற்றுக் கொத்துக்கு முன்னால், எல்லாவற்றுக்கும் மேலே, செப்புக் கம்பியில் தொங்கியது. வியர்வை பட்டுப் பட்டு மங்கிய டோக்கன். அறுபத்தொன்று.

உள்ளே ஓடிச் சிவப்பை அழுத்தினேன். கால்வாய்ப் படியில் இறங்கினேன். மார்பளவு தண்ணீர் வடிய வேண்டியிருந்தது. வடியும்வரை கூப்பிட்டேன். தொண்டைக்குள் கூப்பிட்டால் நம் குரலே திரும்பி வரும், அது எனக்கு எப்போதும் தெரிந்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவன் பதில் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் கடைசியில், கம்பித் தடுப்போடு சேர்ந்து இருந்தான். வாரிக் கட்டிய குப்பை மூட்டை பக்கத்தில் இருந்தது. வேலையை முடித்துவிட்டிருந்தான். அடைப்பு என்று நான் போனில் சொன்னது அவனைத்தான்.

திங்கட்கிழமை பழைய டைம் ஆபீஸில் விசாரித்தார்கள். இப்போது அது சங்கத்தின் அலுவலகம், ஏசி போட்டது. செகரட்டரியின் கண்கள் வீங்கியிருந்தன. மேற்பார்வையாளர் நோட்டைப் புரட்டினான்.

"என்ட்ரி புக்குல ஒண்ணும் இல்ல சார். கேட்டுல சொல்லல. பெர்மிட் எழுதல."

செகரட்டரி என்னைப் பார்த்தார். "உங்ககிட்டயாவது சொன்னாரா?"

"சொல்லல சார்."

பொய் இல்லை. வாயால் சொல்லவில்லை. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நான் கையெழுத்துப் போட்டேன். டோக்கனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் டோக்கனைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆனால் வீட்டில் ஒருத்தி இருந்தாள்.

"டோக்கன் மாட்டாமயா எறங்கினான்?" அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தெரியலயே" என்றேன்.

"அவன் மாட்டாம எறங்கமாட்டான்."

"ம்."

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைக் கவிழ்த்துத் தேடினாள். சட்டைப் பையைத் திருப்பிப் பார்த்தாள். அவன் பெட்டி, படுக்கை, தோட்டக் கருவிகள் வைக்கும் அறை, எல்லாம். "கழுத்துலயும் இல்ல, சட்டையிலயும் இல்ல. மாட்டலன்னா கழுத்துல இருக்கணுமில்ல? அப்ப எங்க போச்சு?"

"தண்ணில போயிருக்கும்."

இது முழுப் பொய். முதலில் சொன்னதுபோல நூல் பிடித்த பொய்கூட இல்லை.

லைனில் பேச்சு கிளம்பியது. குழாயடியில் பழைய பாய்லர்காரர் ஒருநாள், "முக்குளி கடைசி காலத்துல அவசரப்பட்டுட்டான். பழைய ஒழுங்கெல்லாம் எங்க போச்சு" என்று சொன்னார். கெட்டெண்ணத்தில் சொல்லவில்லை. அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நாக்கு மேல பல்லப் போட்டு அப்படிச் சொல்லாதீங்கண்ணே. உங்க எல்லாரையும்விட அதிக தடவை மாட்டினவன் அவன். எம் தம்பி சொல்லாம எறங்கினான்னு யாரு பாத்தது?"

"அம்மா, உன் வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டிருக்காராமே."

அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இருபது நாள் கழித்து ஒரு மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கேபினுக்கு வந்தாள். மதிலைத் தாண்டி அவள் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. குடியிருப்பு ஆன பிறகு அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டேன் என்று இருந்தவள். மடிப்புப் பிரிவு இருந்த இடம் எது என்று கேட்டாள். கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினேன். பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அந்தக் கொக்கிதானே?"

"ஆமா."

"இங்கேருந்து நல்லாத் தெரியுது."

நான் பாத்திரத்தின் மூடியைத் திறக்க முயன்றுகொண்டிருந்தேன். திறக்கவில்லை.

"அந்தம்மா எத்தனை மாட்டுச்சு?"

"நாப்பது."

வெளியே போனாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய் எண்ணினாள். தொடவில்லை. மில் குடும்பத்தில் பிறந்தவள், அடுத்தவன் டோக்கனைத் தொடமாட்டாள். எண்ணி முடிக்கத் தேவையே இல்லை. அது முன்னால்தான் தொங்கியது. இருபது நாளாக அங்கேயேதான் தொங்கியது. போட்டோ எடுக்க வந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. எடுக்க எனக்கு உரிமை இல்லை. அது மட்டும் ஒழுங்காக நினைவிருந்தது.

திரும்பி வந்து வாசல்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"மாட்டியிருக்கான்."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியும்."

"ம்."

"அன்னிக்குப் பாக்கலயா நீங்க? தலையத் திருப்பிக்கூடப் பாக்கலயா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள். காய்ச்சல்காரிக்கு மாத்திரை வாங்கப் போய் அவசரத்தில் பார்க்காமல் விட்டேன் என்றால் அழுதுவிட்டு மன்னித்திருப்பாள்.

"பாத்தேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"பாத்துட்டுதான் போட்டீங்களா?"

சாப்பிடாத பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மதிலோரமாக நடந்து போனாள்.

அன்றே செகரட்டரியின் அறைக்குப் போனேன். பதிவேடு வேண்டும், அந்த வரி தப்பு, அவன் தகவல் சொன்னான், டோக்கன் கொக்கியில் இருந்தது என்று சொன்னேன். டோக்கன் என்றால் என்ன என்று விளக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப எதுக்கு பெரியவரே? போனவர் வரப்போறாரா? மறுபடி போலீஸ், விசாரணை. உங்களுக்குத்தான் சிக்கல்."

"தெரியுது சார்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு பதிவேட்டை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்த வரிக்குக் கீழே எழுதினேன். "இறங்கியவர் முறைப்படி தன் 61ஆம் எண் டோக்கனைக் கொக்கியில் மாட்டியிருந்தார். மதகைத் திறக்கும் முன் நான் கொக்கியைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திறந்தேன். தவறு என்னுடையது."

அவர் திரும்பாமலே கேட்டார். "என் பேரு வருதா?"

"இல்ல சார்."

வந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அது அவர் எழுத வேண்டிய வரி.

வெளியே வந்து, செடி வெட்டும் கத்தரியால் அந்தக் கயிற்றை அறுத்தேன். நாற்பதும் மொத்தமாகக் கையில் வந்தன. கனமாக இருந்தன. கொண்டுபோய் அலுவலக வாசலில் வைத்துவிட்டு, கேபின் சாவியையும் அதன் மேல் வைத்தேன். கொக்கியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது, மில் நாட்களில் இருந்ததுபோல.

வீட்டில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை, போடும் நேரமும் ஆகவில்லை. எழுதிவிட்டு வந்தேன் என்றேன்.

"என்னன்னு?"

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"'பாத்தேன்'ன்னு எழுதினீங்களா?"

"எழுதினேன்."

அவளுக்கு இருமல் வந்தது. அடங்கும்வரை காத்திருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

"இப்ப யாரு தண்ணி விடுவாங்க?"

"யாராவது விடுவாங்க. பொத்தான்தானே."

"டோக்கன் தொங்குதே" என்றாள்.

"தொங்குது" என்றேன்.